"கிராஃப்ட் எப்போ ஆன்ட்டி?" – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஈரோட்டுல இருக்கேன். நாலு வயசுல பொண்ணு, ஒன்றரை வயசுல பையன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க அபார்ட்மெண்ட் மொட்டை மாடில பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களையும் சேத்து உக்கார வெச்சு படப் புத்தகம் வாசிச்சுக் காட்டறேன். எல்லாரும் மூணுல இருந்து ஆறு வயசுக்குள்ள. முடிச்சதும் யூட்யூப் பாத்து ஒரு கிராஃப்ட் பண்ணுவோம்.

முதல்ல நல்லாத்தான் போச்சு. இப்போ ரெண்டாவது பக்கம் திருப்பும்போதே "கிராஃப்ட் எப்போ ஆன்ட்டி?"ன்னு ஆரம்பிச்சுடறாங்க, நானும் அவசர அவசரமா கதைய முடிச்சுட்டு பேப்பர எடுத்துக் குடுத்துடறேன். போன வாரம் எரிக் கார்லோட பசிக்கிற கம்பளிப்பூச்சி புத்தகம். முட்டை அட்டைல பூச்சி செஞ்சோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி வரணும்னு முந்தின நாள் ராத்திரியே நான் வெட்டி வெச்சுட்டேன், பிள்ளைங்க பச்சை அடிச்சு கண்ணு ஒட்டினாங்க, அவ்ளோதான். மறுநாள் என் பொண்ணுகிட்ட நேத்து என்ன கதைன்னு கேட்டா "பச்சை கலர் அடிச்சோம்"ங்கறா.

கிராஃப்ட விட்டுடலாமான்னு இருக்கு. ஆனா சில அம்மாக்கள் பிள்ளை கைல என்ன எடுத்துட்டு வருதுன்னு பாத்துத்தான் அடுத்த வாரம் அனுப்பறாங்க. இன்னும் சில சந்தேகம்: இங்கிலீஷ் புத்தகத்த அப்படியே வாசிக்கணுமா, தமிழ்ல சொல்லலாமா? மாசாமாசம் ஆக்டிவிட்டி கிட்னு விக்கறாங்களே, வாங்கலாமா? சின்னவன் கைல கிடைக்கற புத்தகத்தை எல்லாம் கிழிச்சுடறான், அவனை என்ன பண்றது?

– ஒரு வாசகி, ஈரோடு

*

அன்புள்ள தங்கைக்கு,

கிராஃப்ட விட வேண்டாம். முந்தின நாள் ராத்திரி உக்காந்து வெட்டறதை மட்டும் விட்டுடுங்க.

உங்க பொண்ணு சொன்னது சரியான பதில்தான், அன்னைக்கு அவ கை என்ன செஞ்சுதோ அதைத்தான் சொல்லிருக்கா. பச்சை அடிக்கறதுக்கு அந்தக் கதை தேவைப்படல, கதையே வாசிக்காம வந்த பிள்ளைகூட அந்த முட்டை அட்டைப் பூச்சிய செஞ்சிருக்கும். நான் எந்த ஆக்டிவிட்டிக்கும் ஒரே ஒரு விஷயம்தான் பாப்பேன்: பாதி வேலைல பிள்ளை எந்திரிச்சுப் போய் புத்தகத்தைத் திரும்பத் திறக்குதா? அதுல எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்னு அதுக்குத் தோணனும். அப்படித் தோணினா அது நல்ல ஆக்டிவிட்டி, தோணலைன்னா எவ்ளோ அழகா வந்திருந்தாலும் அது தனி, கதை தனி.

நீங்க வாசிச்ச அதே புத்தகத்தையே எடுத்துக்குவோம். ஒரு கம்பளிப்பூச்சி நாளுக்கு ஒரு பழமா எண்ணிக்கையைக் கூட்டிக்கிட்டே தின்னுட்டுப் போற கதை, அது தின்ன இடத்துல பக்கத்துலயே நெசமா ஓட்டை இருக்கும். 1969ல வந்தது. எரிக் கார்ல் ஒரு நாள் பேப்பர் கட்டுல பஞ்சிங் மெஷின வெச்சு ஓட்டை போட்டுட்டு இருந்தப்போ, புத்தகத்தைத் தின்னுற புழு ஞாபகம் வந்து, அப்படித்தான் இந்த யோசனையே வந்துச்சு. முதல்ல அது வெறும் புழுவாத்தான் இருந்துச்சு, எடிட்டர் ஆன் பெனடூசுக்கு அந்தப் புழு பிடிக்கல, பேசிப் பேசி கம்பளிப்பூச்சி ஆச்சு, கடைசில பட்டாம்பூச்சியும் வந்துச்சு. ஓட்டையும் அளவு மாறுற பக்கமும் வெச்சு அச்சடிக்க அமெரிக்காவுல கட்டுப்படி ஆகாம ஜப்பான்ல அடிச்சாங்க. எதுக்கு இவ்ளோ சொல்றேன்னா அந்தப் புத்தகத்தோட உயிரே அந்த ஓட்டைதான், உங்க கிராஃப்ட்ல அந்த ஓட்டை எங்கயுமே இல்ல.

அதனால இந்த வாரமும் அதே புத்தகத்தையே எடுங்க. பழைய காலண்டர் தாள், ஒரு பஞ்சிங் மெஷின் போதும். முதல்ல வாசிக்கும்போதே ஒவ்வொரு பிள்ளையா வந்து ஓட்டைல விரலை விட்டு அந்தப் பக்கம் நீட்டட்டும், அந்த விரல்தான் பூச்சி. எல்லா விரலும் உள்ள போய் வர நேரமாகும், ஆகட்டும். அப்புறம் திங்கக்கிழமை ஒரு ஆப்பிள்ல இருந்து வெள்ளிக்கிழமை அஞ்சு ஆரஞ்சு வரைக்கும் இருக்கற பக்கங்களைப் பக்கவாட்டுல இருந்து பாருங்க, ஒரு பக்கத்தை விட அடுத்த பக்கம் கொஞ்சம் அகலமா இருக்கும். பெரியவங்க பல பேர் இதைக் கவனிச்சே இருக்க மாட்டோம், பிள்ளைங்க டக்குனு பிடிச்சுடும். அதே மாதிரி அவங்களும் அஞ்சு தாளை சின்னதுல இருந்து பெருசா கிழிச்சு அடுக்கி, திங்கக்கிழமை ஒரு இட்லி, செவ்வாய்க்கிழமை ரெண்டு பணியாரம், புதன்கிழமை மூணு வாழைப்பழம்னு அவங்கவங்க பூச்சிக்கு வேணுங்கறதை வரைஞ்சு ஓட்டை போடட்டும். பணியாரம் பணியாரம் மாதிரி இல்லாம கிறுக்கலா இருந்தா திருத்தப் போகாதீங்க. "அடுத்த நாள் எத்தனை?"ன்னு சந்தேகம் வரும்போது அதுங்களே புத்தகத்தைத் திறக்கும் பாருங்க.

அதுக்கு அடுத்த வாரமும் அதே புத்தகம். ஆமா, மூணாவது வாரமும். பிள்ளைங்களுக்கு ஒரே கதைய திரும்பத் திரும்பக் கேக்கறதுதான் இஷ்டம், வாரம் ஒரு புதுப் புத்தகம்ங்கற அவசரம் நம்மளோடது. கார்ல் கடைல வாங்கின கலர் பேப்பரை வெச்சு அந்தப் படங்களை ஒட்டல, மெல்லிசான டிஷ்யூ பேப்பர்ல அவரே பிரஷ்ஷாலயும் விரலாலயும் பெயிண்ட் அடிச்சுக் காய வெச்சு, அப்புறம் வெட்டி ஒட்டினார். அதனால ஒரு வாரம் பேப்பருக்கு கலர் அடிக்கறது மட்டும்தான் வேலை. பழைய டூத்பிரஷ், பல் உடைஞ்ச சீப்பு, துணிச் சுருள் எல்லாம் குடுங்க, ஈரப் பெயிண்ட் மேல சீப்பை இழுத்தா கோடு கோடா வரும். அன்னைக்கு யாரும் எதுவும் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டாம், மாடிக் கொடில க்ளிப் போட்டுக் காயட்டும். அடுத்த வாரம் அதைக் கிழிச்சு ஒட்டிக்கலாம். தன் கையால சீப்புக் கோடு போட்ட பிள்ளை, புத்தகத்துல அந்த இலையையும் ஆப்பிளையும் பாக்கறப்போ "இதுலயும் கோடு இருக்கு!"ன்னு கத்தும். அந்தக் கத்தலுக்காகத்தான் நான் இவ்ளோ நீட்டி எழுதறேன்.

ஒட்டறதுக்கு மைதாவ தண்ணில கரைச்சு அடுப்புல கிளறி எடுத்த பசையே போதும், ஆற வெச்சுக் குடுங்க. போஸ்டர் ஒட்டறவங்க பூச்சி அரிக்காம இருக்க மயில் துத்தம் போடுவாங்க, அது விஷம், நீங்க போடவே கூடாது. பசை மிஞ்சினா மறுநாளைக்கு வெக்காம கொட்டிடுங்க.

உங்க மாடில தொட்டிச் செடி இருந்தா, கறிவேப்பிலையோ எலுமிச்சையோ, மழைக்கு அப்புறம் ஒரு நாள் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் இலைக்கு அடில எல்லாம் தேட விடுங்க. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியோட புழு சின்னதா இருக்கறப்போ அச்சு அசல் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், வளந்ததும் இலைப் பச்சை ஆயிடும். தொட்டா தலைக்குப் பின்னாடி ஆரஞ்சுக் கொம்பு மாதிரி ஒண்ணை நீட்டும், ஒரு வாடையும் வரும், அதனால தொடாம பாக்கச் சொல்லுங்க. ரோமம் இருக்கற பூச்சின்னா கிட்டயே போக வேண்டாம், அரிச்சு எடுத்துடும். இங்க பிள்ளைங்க கண்டுபிடிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு: புத்தகத்துப் பூச்சி நடுவுல உருண்டையா ஓட்டை போடுது, நம்ம கறிவேப்பிலைப் பூச்சி ஓரத்துல இருந்து கடிச்சுட்டு வரும். நீங்களா சொல்லிடாதீங்க. கடிச்ச இலை ஒண்ணைப் பறிச்சு, திறந்து வெச்ச புத்தகத்துக்குப் பக்கத்துல வெச்சுட்டு சும்மா இருங்க.

இப்போ அந்த அம்மாக்கள் விஷயம். அவங்க மேல கோவப்பட வேண்டாம், பிள்ளை ஒரு மணி நேரம் என்ன பண்ணுச்சுன்னு தெரிஞ்சுக்க அவங்களுக்கு வேற வழி இல்ல. இதுக்கு லியோ லியோனின்னு ஒரு படப் புத்தகக்காரரோட நீலம் மஞ்சள் புத்தகம் பிரமாதமா உதவும். 1959ல அவர் தன்னோட பேரப் பிள்ளைங்களோட நியூயார்க்ல இருந்து ரயில்ல போறப்போ, அதுங்க பண்ணின சேட்டை தாங்காம கைல இருந்த லைஃப் பத்திரிகைல இருந்து நீலம், மஞ்சள், பச்சைன்னு துண்டு துண்டா கிழிச்சு வெச்சு சொன்ன கதை அது, பின்னாடி புத்தகமா வந்துச்சு. குட்டி நீலமும் குட்டி மஞ்சளும் சிநேகிதங்க, கட்டிப் பிடிச்சுக்கறாங்க, பச்சை ஆயிடறாங்க, வீட்டுக்குப் போனா ரெண்டு வீட்டுலயும் நீ எங்க பிள்ளை இல்லைன்னுடறாங்க, அழுது அழுது நீலக் கண்ணீரும் மஞ்சக் கண்ணீருமா பிரிஞ்சு பழையபடி ஆகறாங்க. கண்ணு மூக்கு எதுவும் கிடையாது, எல்லாரும் வெறும் கிழிச்ச பேப்பர்தான். ஆனா பாருங்க, அதுங்க அழற இடத்துல பிள்ளைங்க ஒரு சத்தம் இல்லாம உக்காந்திருக்கும்.

இதுக்கு ஸ்டேஷனரி கடைல கிடைக்கற கலர் கண்ணாடிப் பேப்பர்ல நீலமும் மஞ்சளும் வாங்குங்க. ஆளுக்கு ரெண்டு துண்டு, அவங்களே கிழிக்கணும், கத்தரி வேண்டாம். ஒண்ணு மேல ஒண்ணை வெச்சு வெளிச்சத்துல பிடிச்சா பச்சை, பிரிச்சா திரும்ப நீலம் மஞ்சள். இதைப் பிள்ளைங்க எத்தனை தடவை பண்ணும்னு நினைக்கறீங்க, நீங்கதான் போதும்னு சொல்லணும். அந்த ரெண்டு துண்டையும் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்ல போட்டு வீட்டுக்கு அனுப்புங்க. அம்மா பிரிச்சுப் பாத்தா ரெண்டு கிழிஞ்ச பேப்பர், "என்னடி இது?"ன்னு கேட்டே ஆகணும், அப்போ அந்தப் பிள்ளை முழுக் கதையையும் சொல்லியே ஆகணும். கண்ணு ஒட்டின பூச்சியக் கொண்டு போனா "ஐ, அழகா இருக்கே"ன்னு வாங்கி டிவி மேல வெச்சுடுவாங்க, பேச்சு அங்கயே முடிஞ்சிடும். பிள்ளை வாயத் திறந்தாத்தான் புரியும்ங்கற மாதிரி ஒண்ணை அனுப்புங்க, அம்மாக்களும் தானா உங்க பக்கம் வந்துடுவாங்க.

பேச்சுன்னதும் இன்னொண்ணு. அமெரிக்காவுல வைட்ஹர்ஸ்ட்னு ஒரு உளவியலாளரும் அவர் கூட இருந்தவங்களும் 1988ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ரெண்டு வயசு சுமாருக்கு இருக்கற பிள்ளைங்களுக்குப் படப் புத்தகம் வாசிக்கற பெத்தவங்களை, வாசிச்சுட்டே போகாம அங்கங்க நிறுத்திக் கேள்வி கேக்கவும், பிள்ளை சொன்னதை நாலு வார்த்தை சேத்துத் திருப்பிச் சொல்லவும் பழக்கினாங்க, ஒரு மாசத்துலயே பேச்சுல நல்ல வித்தியாசம் தெரிஞ்சுது. "இது என்ன கலர்?"ங்கற மாதிரி பரீட்சைக் கேள்வி இல்ல, "இங்க என்ன நடக்குது? அடுத்து என்ன ஆகும்?"னு கேக்கணும். பேப்பரும் பசையும் இல்லாத வாரத்துல இதுவே ஆக்டிவிட்டிதான், கதைய அவசரமா முடிக்கற பழக்கமும் இதுல போயிடும்.

இங்கிலீஷ் புத்தகத்தை தாராளமா தமிழ்ல சொல்லுங்க, உங்க ஈரோட்டுப் பேச்சுலயே சொல்லுங்க. மூணு வயசுப் பிள்ளை எழுத்தை வாசிக்கல, படத்தைத்தான் வாசிக்குது. தமிழ்லயே வேணும்னா தூலிகா, நேஷனல் புக் ட்ரஸ்ட் புத்தகங்கள் இருக்கு, பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்ப் படக் கதைகளை இலவசமாவே எடுத்துக்கலாம். அதை பிரிண்ட் போட்டுட்டா பக்கத்தை வெட்டி "எது முதல்ல வந்துச்சு, எது அப்புறம்?"னு அடுக்கி விளையாடலாம், புத்தகம் பாழாகுதேங்கற கவலை இல்ல.

ஆறு வயசுப் பிள்ளைங்களுக்கு கொஞ்சம் பெரிய வேலை வேணும்னா, சென்னைல தாரா புக்ஸ் போட்ட, மரங்களோட ராத்திரி வாழ்க்கைன்னு கோண்டு பழங்குடி ஓவியர்கள் மூணு பேர், பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி வரைஞ்ச புத்தகத்தை யார்கிட்டயாவது இரவல் வாங்கிக் காட்டுங்க. கறுப்புத் தாள்ல கையாலயே ஸ்க்ரீன் பிரிண்ட் பண்ணினது, விலை ஜாஸ்திதான், உங்க மடில வெச்சுத்தான் புரட்டணும். ஒவ்வொருத்தரும் மரத்தை புள்ளியாலயும் சின்னச் சின்னக் கோட்டாலயும் எப்படி நிரப்பிருக்காங்கன்னு கிட்டக்கப் பாக்கச் சொல்லிட்டு, கறுப்பு சார்ட்டும் வெள்ளை கிரேயானும் குடுத்துடுங்க. மரம் எப்படி வரையறதுன்னு மட்டும் சொல்லிக் குடுக்காதீங்க.

கிட் வேண்டாம். முட்டை அட்டைய நீங்க ராத்திரி வெட்டி வெச்சீங்க இல்ல, அதையே ஃபேக்டரில வெட்டி பெட்டில போட்டு விக்கறாங்க, அதுல பிள்ளைக்கு மிச்சம் இருக்கறது ஒட்டற வேலை மட்டும்தான். அந்தக் காசுல ரெண்டு மாசத்துக்கு ஒரு நல்ல புத்தகம் வாங்குங்க.

சின்னவன் கிழிக்கறது அந்த வயசுக்கு உள்ளதுதான், பேப்பர் கிழியற சத்தமும் கைல தெரியற அந்த இழுப்பும் அவனுக்குப் பிடிச்சிருக்கு. அவன் கைக்கு எட்டற இடத்துல கெட்டி அட்டைப் புத்தகம் மட்டும் வைங்க, மத்ததெல்லாம் மேல் தட்டுக்குப் போகட்டும். கூட்டம் நடக்கற நேரத்துல அவனுக்குனு ஒரு கூடை நிறைய கிழிக்கறதுக்கு பேப்பர் குடுத்துடுங்க, நியூஸ் பேப்பர் இல்லாம வெத்துத் தாளா குடுங்க, மை கைல ஒட்டி வாய்க்குப் போகும். அவன் கிழிச்சதை அக்கா கூட்டம் ஒட்டறதுக்கு எடுத்துக்கலாம், லியோனி கதைக்கு அந்த மாதிரி ஒழுங்கில்லாத துண்டுதான் வேணும். வாய்ல போடறானான்னு மட்டும் ஒருத்தர் பக்கத்துல இருந்து பாத்துக்கணும், பொத்தான், பாசிமணி, ஒட்டற கண்ணு இதெல்லாம் அவன் இருக்கற இடத்துல தரையில கிடக்கவே கூடாது. ஏற்கெனவே கிழிஞ்ச புத்தகங்களை எடுத்துப் போடாம டேப் போட்டு ஒட்டி வைங்க, கிழிஞ்ச புத்தகத்தையும் பிள்ளைங்க நல்லாவே வாசிக்கும்.

அன்புடன்,
அக்கா