மூன்று மாத நாய்க்குட்டி வீடெங்கும் சிறுநீர் கழிக்கிறது, கண்டதையெல்லாம் கடிக்கிறது. அடித்துத்தான் பழக்க வேண்டுமா?

அடிக்கவே வேண்டாம். செய்தித்தாளைச் சுருட்டி இரண்டு தட்டுத் தட்டினால் வழிக்கு வந்துவிடும் என்று உங்கள் மாமனார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் நாய் வளர்த்தார்கள். ஆனால் காரியம் முடிந்த பின் விழும் அடி எதற்கென்று குட்டிக்கு விளங்குவதில்லை. உங்கள் கண்முன் சிறுநீர் கழிப்பது ஆபத்து என்று மட்டும் புரிந்துகொண்டு, அடுத்த முறை சோபாவின் பின்புறத்தைத் தேடிப் போகும்.

உங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் முற்றம் கிடையாது. தடுப்பூசிகள் முடியும்வரை, அதாவது ஏறத்தாழ நான்கு மாத வயதுவரை, பிற நாய்கள் நடமாடும் புல்தரையில் குட்டியை இறக்கிவிட்டால் பார்வோ போன்ற கொடிய நோய்கள் தொற்றக்கூடும். ஆகவே சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் ஈரம் உறிஞ்சும் விரிப்பைப் போட்டு, அந்த இடத்தை மாற்றாமல் வைத்திருங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணி நேரத்திலும், விளையாடி ஓய்ந்ததும் அங்கே கொண்டுபோய் விடுங்கள். விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, மூக்கைத் தரையோடு தேய்த்தபடி ஓரிடத்தையே சுற்றிச் சுற்றி வந்தால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு உடனே தூக்கிச் செல்லுங்கள். முடித்த கையோடு, அந்த விரிப்பின் மேலேயே, ஒரு துண்டுத் தீனியும் பாராட்டும் கிடைக்க வேண்டும். கூடத்துக்குத் திரும்பி வந்த பின் கொடுப்பதில் பயனில்லை. தவறிப்போன இடத்தை நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா கலந்தவற்றின் வாடை சிறுநீரை ஒத்திருப்பதால், குட்டி அதே மூலைக்குத் திரும்பும்.

கடிப்பதைக் குறும்பு என்று மட்டும் எண்ணாதீர்கள். ஏறத்தாழ மூன்றாம் மாத முடிவிலிருந்து 28 பால்பற்களும் விழத் தொடங்கி, ஏழு மாதத்திற்குள் 42 பற்கள் முளைக்கின்றன. ஈறு அரிப்பெடுப்பதால் எதையாவது மென்றாக வேண்டும். ஈரத்துண்டை முறுக்கி உறைபெட்டியில் வைத்துக் கொடுங்கள். வாசல் தாழ்வாரத்துக் காலணிகளை அலமாரிக்குள் வையுங்கள். கைலி விளிம்பைக் கவ்வும்போது பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினால் அதற்கு அது விளையாட்டாகிவிடும். அசையாமல் நின்று, கவ்விய பிடி தளர்ந்ததும் பொம்மையைக் கொடுக்க வேண்டும். இந்த ஒழுங்கைப் பணிப்பெண் உட்பட வீட்டிலுள்ள அனைவரும் கடைப்பிடிக்க வேண்டும். மாமனாரிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

தீபாவளி நேரத்தில் உலர்திராட்சை போட்ட லட்டும் பாயசமும் எட்டும் உயரத்தில் இருக்கக்கூடாது. உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். குட்டி அடிக்கடி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தாலோ, அதில் இரத்தம் தெரிந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.