மாமா நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடிக்கிறார், ஈமோகுளோபின் 17.5 (g/dL). "எனக்கு நல்ல இரத்தம்" என்கிறார், சரியா?

இப்போதே பெருமைப்பட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

திருகோணமலையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் தேநீரைக் குடிக்காமல் வருவார்கள். சிகரெட்டை மட்டும் வாசலில்தான் அணைப்பார்கள்.

புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட பங்கு ஒட்சிசனைச் சுமக்காது; மிச்சமும் சுமந்ததை இழையங்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆகவே 17.5 முழுவதும் வேலை செய்கிறது என்று எண்ண முடியாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் உடல் செங்குழியங்களைக் கூட்டுகிறது. குருதியின் நீர்ப்பகுதியும் குறைவதால் இரத்தம் இன்னும் தடிக்கிறது. குருதியை நுண்குழாயில் எடுத்துச் சுழற்றினால் மற்ற ஆண்களுக்குப் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கும் சிவப்புப் பகுதி, இப்படிப் புகைப்பவர்களுக்குப் பாதியைத் தாண்டலாம். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியை நம்பி ஆறுதல் அடையவும் வேண்டாம். சாதாரணக் கருவி காபனோரொட்சைட்டு ஏறிய ஈமோகுளோபினையும் ஒட்சிசன் ஏறியதாகவே கணக்கில் சேர்த்துவிடும்.

ஓமோன் விடயம் கொஞ்சம் விசித்திரமானது. ஒட்சிசன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஓமோனைச் சுரந்து, செங்குழியம் உண்டாக்கும்படி என்பு மச்சையைத் தூண்டும். அப்படியானால் புகைப்பவர்களிடம் அது எகிறி நிற்க வேண்டும் அல்லவா? அளந்து பார்த்தால் பெரும்பாலும் அப்படி இல்லை. புகைக்காதவர்களைவிடக் குறைவாக இருந்ததாகக் கண்ட ஆய்வும் உண்டு. செங்குழியம் பெருகியதும் சுரப்பு அடங்கிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம்.

வெண்குழியங்களும் கூடும். காய்ச்சல், சளி எதுவும் இல்லாமலே எண்ணிக்கை மேல் எல்லையில் நிற்கும். புகை நுரையீரலில் மூட்டிவிடும் அழற்சிதான் அதற்குக் காரணம்.

பெண்களுக்கும் இது பொருந்தும். புகைப்பவரின் ஈமோகுளோபின் கூடுதலாகக் காட்டுவதால் இரத்தச்சோகை மறைந்துபோகலாம். அதனால்தான் உலக சுகாதார அமைப்பு, புகைப்பவர்களின் அளவிலிருந்து ஒரு பங்கைக் கழித்துப் பார்க்கச் சொல்கிறது.

ஆண்களுக்கு 16.5ஐத் தாண்டினாலே காரணம் தேட வேண்டும். எனவே அறிக்கையை வைத்தியரிடம் காட்டுங்கள். புகைப்பதை நிறுத்தினால் காபனோரொட்சைட்டு ஓரிரு நாட்களில் வெளியேறிவிடும். செங்குழியத்தின் ஆயுள் சுமார் 120 நாட்கள் என்பதால் எண்ணிக்கை மெல்லத்தான் இறங்கும். இறங்காவிட்டால் எரித்ரோபொயட்டினையும், மச்சையைத் தானாகவே செங்குழியம் பெருக்க வைக்கும் ஜாக்2 (JAK2) மரபணு மாற்றத்தையும் பார்க்கச் சொல்வார்கள். எரித்ரோபொயட்டின் அடிமட்டத்தில் இருந்தால் பழியைச் சிகரெட்டின் மேல் மட்டும் போட முடியாது. மச்சையே கட்டுப்பாடின்றிச் செங்குழியங்களை உண்டாக்குகிறதா என்று தேட வேண்டியிருக்கும்.