கவுன்சில் பொறுப்பில் பிள்ளை: இடம் எங்கே?

என் அக்கா மகனுக்கு 12 வயது. இங்கிலாந்தில் எங்கள் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) தன் பொறுப்பில் எடுத்து, 70 மைல் தள்ளி ஒரு சிறுவர் இல்லத்தில் விட்டிருக்கிறது. உள்ளூரில் இடம் வைத்திருப்பது அவர்கள் கடமை இல்லையா?

கடமைதான். இங்கிலாந்தின் 1989 சிறுவர் சட்டம், 22ஜி பிரிவு. தன் எல்லைக்குள்ளேயே பிள்ளைகளின் தேவைக்கு ஏற்ற இடம் போதுமான அளவு இருக்கும்படி கவுன்சில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் 'நியாயமாக இயன்றவரை' என்று அதில் ஒரு வால் ஒட்டியிருக்கிறது. பிள்ளைகள் வெளியூர் போவது அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான்.

இடம் தேடும் பிரிவில் நானும் வேலை பார்த்தவன். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி, ஒரு பையன் சோஷியல் வொர்க்கரோடு வரவேற்பறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பட்டியலில் உள்ள எண்களுக்கெல்லாம் வரிசையாக அடிப்போம். ஆறு மணிக்கு எந்தக் கட்டில் கிடைத்ததோ, அதுவே 'பொருத்தமான' கட்டில்! தப்பு அன்றைக்கு நடந்ததல்ல. இந்த வயதுப் பையன்கள் எத்தனை பேர் வரக்கூடும் என்று இரண்டு வருடம் முன்பே யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? பக்கத்துக் கவுன்சில் எல்லையையும் தாண்டி அனுப்புவதென்றால் சிறுவர் சேவை இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். அது வாங்கப்பட்டதா, என்ன காரணம் எழுதினார்கள் என்று உங்கள் அக்கா கேட்கட்டும். ஐ.ஆர்.ஓ. என்று ஒருவர் இருப்பார், பிள்ளையின் திட்டத்தைத் தள்ளி நின்று சரிபார்ப்பவர். முதல் மீளாய்வு 20 வேலை நாளுக்குள், அடுத்தது 3 மாதத்துக்குள், அப்புறம் 6 மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள். உறவினரை முதலில் பார் என்றுதான் சட்டமும் சொல்கிறது. உங்களைப் பற்றிய முழு மதிப்பீடு முடியும்வரை 16 வாரத்துக்குத் தற்காலிக அனுமதி தர வழியுண்டு.

கவுன்சிலே இல்லம் நடத்தினால் என்ன? தனியாருக்கு ஏன் கொட்டிக் கொடுக்கிறார்கள்?

கொட்டித்தான் கொடுக்கிறார்கள். 2022 மார்ச்சில் போட்டி, சந்தை ஆணையம் வெளியிட்ட அறிக்கைப்படி, பெரிய தனியார் நிறுவனங்களின் சிறுவர் இல்லங்களில் இயக்க லாபம் சராசரியாக 22.6 சதவீதம். இல்லங்கள் முளைப்பதும் வீடு மலிவான இடங்களில்: இங்கிலாந்தின் வடமேற்கில் குவியல், லண்டனில் பஞ்சம்.

ஆனால் ஒரு கவுன்சில் தனியாகக் கட்டினால், இரண்டு கட்டில் காலியாகக் கிடந்தாலும் இரவுப் பணியாளர் சம்பளம் நிற்காது. அதனால்தான் பல கவுன்சில்கள் சேர்ந்து இடம் திட்டமிடும் முறையை கிரேட்டர் மான்செஸ்டரிலும் தென்கிழக்கிலும் முன்னோட்டமாகத் தொடங்கினார்கள். எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஒரே ஒரு பயம்: வட்டாரம் பெரிதானால் 'உள்ளூர்' என்ற சொல்லும் நீண்டுவிடும்.

பக்கத்து வீடு சிறுவர் இல்லமாகப் போகிறதாம். எதிர்ப்பு எழுதலாமா?

எழுதலாம். வாகனம் நிறுத்துவது, ஷிப்டு மாறும்போது சத்தம் இவையெல்லாம் கவுன்சில் அனுமதி பற்றி முடிவெடுக்கும்போது கணக்கில் வரும். வீட்டு விலை குறையும் என்பது வராது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: பெரும்பாலும் மூன்று நான்கு பிள்ளைகள்தான் இருப்பார்கள். ஒவ்வொரு தெருவும் மறுத்தால், மேலே சொன்ன 70 மைல்தான் மிச்சம்.

ஃபாஸ்டர் வீட்டில் (கவுன்சில் ஏற்பாடு செய்த வளர்ப்புக் குடும்பத்தில்) இருப்பவனுக்கு 18 ஆனதும் இறங்கிவிட வேண்டுமா?

வேண்டாம். அவனும் அந்த வீட்டாரும் சம்மதித்தால், அவன் நலனுக்கு எதிரானதாக இல்லாதவரை, 21 வரை தங்கலாம், கவுன்சில் ஆதரவு தர வேண்டும் (2014 சிறுவர், குடும்பங்கள் சட்டம்). பேச்சை 17-லேயே தொடங்குங்கள்.

ஃபாஸ்டர் பிள்ளை ஒன்றை வளர்க்க ஆசை. வாடகை வீடு, ஓர் அறை காலி. தமிழ்ப் பிள்ளைதான் வேண்டும் என்று கேட்கலாமா?

வீட்டுக்காரர் சம்மதம் இருந்தால் வாடகை ஒரு தடையில்லை. மதம், இனம், பண்பாடு, மொழி எல்லாவற்றையும் கவுன்சில் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதனால் உங்கள் பெயர் அவர்கள் பட்டியலில் இருப்பதே பெரிய உதவி. ஆனால் தமிழ்ப் பிள்ளை மட்டும்தான் என்றால் அறை மாதக்கணக்கில் சும்மா கிடக்கலாம். கைக்குழந்தை கேட்டு வருபவர்கள் நிறைய. பதின்வயதினருக்கும், பிரிக்காமல் சேர்த்து வைக்க வேண்டிய அண்ணன் தங்கைக்கும்தான் வீடு இல்லை. இன்னோர் அறையை ஒழிக்க முடியுமா என்று பாருங்கள்.