ஏழாம் வகுப்புப் பையனிடம் எந்தத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுப்பது?

கேள்வி: பெங்களூரு அல்சூர் பக்கம் உள்ள ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நூலகப் பொறுப்பும் என்னுடையதுதான். 1 முதல் 10 வரை வகுப்புகள், சுமார் 400 பிள்ளைகள். பாதிக்கு மேல் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். இந்த ஆண்டு புத்தகம் வாங்க 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். முன்பு செட்டாக வாங்கிய நீதிக்கதைகளை யாரும் தொடுவதில்லை. நன்கொடையாக வந்த இரண்டு மூட்டைப் புத்தகங்களும் பிரிக்காமல் கிடக்கின்றன. எதை வைப்பது, எதைத் தள்ளுவது? பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு எதுவரை அனுமதிக்கலாம்?

பதில்: பின்னட்டையில் ‘8 முதல் 10 வயது வரை’ என்று போட்டிருக்கிறதே, முதலில் அதை மறந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் தினமும் தமிழ் படிக்கும் பிள்ளையை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வளரும் பிள்ளை வீட்டில் சரளமாகத் தமிழ் பேசும், பாட்டி சொல்லும் கதை முழுக்கப் புரியும், ஆனால் பதின்மூன்று வயதிலும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். அந்தப் பையன் கையில் ‘மியாவ் மியாவ் பூனைக்குட்டி’ வகைப் புத்தகத்தைக் கொடுத்தால் நண்பர்கள் எதிரில் கூசிப்போவான். அவன் வயதுக்கான நாவலைக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுவான். இரண்டிலும் அவனுக்குக் கிடைக்கும் பாடம், தமிழ் நமக்கு வராது என்பதுதான். உங்கள் பள்ளியில் இதைத் தடுப்பதுதான் புத்தகத் தேர்வின் முதல் வேலை.

அதனால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, படிக்கும் நிலை: எழுத்தும் வாக்கியமும் எவ்வளவு கடினம். மற்றொன்று, ஆர்வ வயது: இந்த விஷயம் எந்த வயதுப் பிள்ளையை இழுக்கும். முதல் பக்க மூலையில் பென்சிலால் ‘ப 2 / ஆ 12’ என்று குறித்துவிடுங்கள். இரண்டாம் வகுப்பு அளவுக்குத் தமிழ் படிக்கத் தெரிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்றது என்று பொருள். உங்கள் அலமாரியில் அதிகம் வேண்டியதும், கடைகளில் அரிதாகக் கிடைப்பதும் இந்த வகைதான். விடுகதைத் தொகுப்புகள் இதற்கு அருமையானவை: இரண்டே வரி, ஆனால் பெரிய பிள்ளைகளும் மூளையைக் கசக்க வேண்டும். படக்கதைகள், விலங்குகள், விண்வெளி, கிரிக்கெட் பற்றிய படம் நிறைந்த புத்தகங்கள், குறும்பு நிறைந்த நாட்டுப்புறக் கதைகள் ஆகியவற்றிலும் தேடுங்கள்.

படிக்கும் நிலையை மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் சொல்லுக்கு ஒரு விரல், ஐந்து விரலும் மடங்கினால் புத்தகம் கடினம் என்று ஒரு பழைய வழி உண்டு. அது ஆங்கிலப் பக்கத்துக்குச் சரி. தமிழில் ஒரு சொல்லுக்குள்ளேயே அரை வாக்கியம் அடங்கிவிடும். ‘போய்க்கொண்டிருந்தவர்களிடம்’ என்பது ஒற்றைச் சொல். ஆகவே ஐம்பது சொல் உள்ள பக்கத்தில் மூன்று தடுக்கலுக்கு மேல் போனால் அந்தப் பிள்ளை தனியாகப் படிக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தடுக்கியது என்பதையும் கவனியுங்கள். எழுத்தைக் கூட்ட முடியாமல் நின்றால் அது பழக்கக் குறை, படிக்கப் படிக்கத் தீரும். சரியாகக் கூட்டிப் படித்துவிட்டு ‘அப்படின்னா என்ன மிஸ்?’ என்று கேட்டால் குறை புத்தகத்தினுடையது. ‘போனான்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘சென்றான்’, ‘கேட்டாள்’ என்பதற்கு ‘வினவினாள்’, ‘சொன்னார்’ என்பதற்கு ‘இயம்பினார்’ என்று எழுதினால் வீட்டுத் தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு அது இன்னொரு மொழி. கதை சொல்லும் இடம் எளிய எழுத்துத் தமிழிலும், பேசும் இடம் பேச்சுத் தமிழிலும் இருக்கும் புத்தகமே இவர்களுக்குப் பொருந்தும். முழுக்க முழுக்கப் பேச்சு வழக்கில் எழுதியது காதுக்கு இனிமை, கண்ணுக்குச் சிரமம். ‘வந்துட்டான்’, ‘வந்திட்டான்’, ‘வந்துட்டாப்ல’ என்று ஒரே சொல் மூன்று விதமாக வரும்போது புதிதாகப் படிப்பவர் குழம்புவார். அவற்றை நீங்கள் படித்துக் காட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பு என்றால் ஒரு பக்கத்தை நீங்களே உரக்கப் படியுங்கள். ‘அது ஒரு அழகான நாளாக இருந்தது’ என்று ஆரம்பித்தால் கவனமாக இருங்கள். தமிழ் வீட்டில் யாரும் அப்படிக் கதையைத் தொடங்குவதில்லை. மூச்சு வாங்கும் வாக்கியம் மூன்றுக்கு மேல் இருந்தால், படங்கள் எத்தனை அழகாக இருந்தாலும், அதன் ஆங்கிலப் பதிப்பையே வாங்குவது மேல்.

அச்சைப் பார்ப்பதும் மதிப்பீடுதான். புதிதாகப் படிப்பவருக்கு எழுத்து 18 பாயிண்ட்டுக்குக் குறையக் கூடாது. ஓரளவு படிப்பவருக்கு 14 போதும். தமிழில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் சுழியும் எழுத்துக்கு மேலும் கீழும் நீள்வதால், வரிகள் நெருங்கினால் ‘கி’ எது, ‘கீ’ எது என்று கண் தடுமாறும். வரி முடிவில் சொல்லை எப்படி உடைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இடம் போதவில்லை என்று ‘பறந்துகொண்’ என்பது ஒரு வரியிலும் ‘டிருந்தது’ அடுத்த வரியிலும், நடுவில் ஒரு கோடுகூட இல்லாமல் நிற்கும். பெரியவர்களான நாம் கவனிக்கவே மாட்டோம். பிள்ளை அதை இரண்டு சொல்லாகப் படித்து, பொருள் புரியாமல் நின்றுவிடும். இந்த ஒரே காரணத்துக்காகச் சின்ன வகுப்புப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பலாம். படத்தின் மேலேயே எழுத்தை அச்சிட்டிருந்தால், ஜன்னல் ஓரத்தில் இல்லாமல் வகுப்பின் கடைசி பெஞ்சில் வைத்துப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

கட்டு: புத்தகத்தை நடுவில் நன்றாக விரித்து மேசைமேல் அழுத்துங்கள். பசையில் ‘படக்’ என்று சத்தம் வந்தால் ஒரு பருவம் தாங்காது. மெல்லிய புத்தகத்துக்கு நடுவில் ஸ்டேப்பிள் போதும், ஆனால் மழைக்காலத்தில் துருப்பிடிக்கிறதா என்று கவனியுங்கள். தடிமனானதற்குத் தையல் கட்டே நல்லது. உள்தாளின் கனம் 80 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்தால் பின்பக்க எழுத்து தெரியும்.

இனி, யாரும் தொடாத அந்தச் செட். தலைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: எழுதியவர் பெயர், வரைந்தவர் பெயர், பதிப்பித்த ஆண்டு இருக்கின்றனவா? பெரும்பாலும் ‘ஆசிரியர் குழு’ என்றிருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. பெயர் போட யாரும் முன்வராத புத்தகத்தில் கதைக்காக யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் இருப்பதை மட்டும் தரச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் நாட்டில் அது பதிப்பாளருக்கு இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்து, கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துவிட்டுக் கதையைப் படியுங்கள். ‘ஆகவே குழந்தைகளே’ என்ற அந்த வரி இல்லாமல் கதையில் எதுவும் மிஞ்சவில்லை என்றால், பிள்ளைகள் அதைத் தொடாததில் தவறே இல்லை.

உள்ளடக்கத்தில் பார்க்க வேண்டியவை வேறு சில உண்டு. கெட்டவன் எப்போதும் கறுப்பா? நல்லவள் என்றாலே சிவப்பா? மாற்றுத்திறனாளி பாத்திரம் இரக்கப்படவோ, இறுதியில் அதிசயமாகக் குணமாகவோ மட்டும் வருகிறதா? அம்மா எல்லாப் பக்கத்திலும் அடுப்படியில்தானா? ‘ஏழை ஆனாலும் சுத்தமானவன்’ போன்ற ஒரு ‘ஆனாலும்’ எங்காவது ஒளிந்திருக்கிறதா? ஒரு புத்தகத்தில் ஒன்று தென்பட்டால் தள்ளிவிட வேண்டியதில்லை, பேச ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அலமாரி முழுக்க ஒரே மாதிரி இருந்தால்தான் ஆபத்து. ஆகவே வாங்கும் பட்டியலை மொத்தமாக ஒரு முறை பாருங்கள்: குடிசையில், ஒண்டுக் குடித்தனத்தில், மாடி வீட்டில், கிராமத்தில் வாழும் பிள்ளைகள் எல்லாரும் ஏதாவது ஒரு கதையில் நாயகராக இருக்கிறார்களா? உங்கள் மாணவர் தம் தெருவைப் போன்ற ஒரு தெருவை ஒரு புத்தகத்திலாவது காண வேண்டும்.

நன்கொடை மூட்டைகளுக்கு இவ்வளவு நேரம் செலவிட வேண்டாம். பொது அறிவுப் புத்தகம் என்றால் இரண்டு பக்கம் போதும். சூரியக் குடும்பத்தில் ஒன்பது கோள் என்றிருந்தால் அது 2006க்கு முந்தைய அறிவு. புளூட்டோவை அந்த ஆண்டே குறுங்கோள் ஆக்கிவிட்டார்கள். இந்திய வரைபடத்தில் தெலங்கானா இல்லையென்றால் 2014க்கு முந்தையது. இரண்டில் எது தவறினாலும் அலமாரியில் வைக்காதீர்கள். கதைப் புத்தகத்தில் ‘லை’, ‘னை’, ‘றா’, ‘ணா’ போன்ற எழுத்துகளைத் தேடுங்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான புத்தகங்களில் இவை துதிக்கையும் சுழியுமாக வேறு வடிவில் இருக்கும். பிள்ளைகளால் படிக்க முடியாது. அச்சுப் பிழை என்று நினைப்பார்கள். ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் நல்ல கதைகள் இருக்கலாம், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், தனி அடுக்கில் வையுங்கள். அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குத் தேவைப்படுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

பெரிய வகுப்பு பற்றிய உங்கள் கேள்விதான் கடினமானது. தமிழில் இளையோருக்கென்று எழுதிய நூல்கள் குறைவு. சிறுவர் கதை முடிந்ததும் நேரே பெரியவர் நாவல்தான். அதனால் பெரியவர்களுக்கு எழுதியவற்றிலிருந்து, சிறுவர் பார்வையில் சொல்லப்பட்ட சிறுகதைகளைத் தேர்ந்தெடுங்கள். காதல், குடி, சாவு, அடிதடி ஆகியவை வருகின்றன என்பதற்காக ஒரு புத்தகத்தை ஒதுக்க வேண்டாம், அவை உங்கள் மாணவர் வாழும் தெருவிலேயே இருக்கின்றன. வன்முறைக்கு விளைவு காட்டப்படுகிறதா, துன்பப்படுபவருக்கு ஒரு மனிதரின் கனம் தரப்படுகிறதா என்று பாருங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள்: தற்கொலை செய்யும் முறையை விவரிப்பதும், அதைப் பழிவாங்கலாகவோ தீர்வாகவோ காட்டுவதும் பள்ளி நூலகத்துக்கு வேண்டாம். துரத்தித் துரத்திப் பெண்ணின் சம்மதத்தைப் பெறுவதைக் காதல் என்று கொண்டாடும் கதைகளும் அப்படித்தான். பருவ மாற்றம் பற்றிய புத்தகங்களை உங்கள் மேசைக்குள் பூட்டி வைக்காதீர்கள். கேட்டு வாங்க வேண்டுமென்றால் எந்தப் பிள்ளையும் கேட்காது. மற்ற அறிவியல் புத்தகங்களோடு நிற்கட்டும்.

பெற்றோர் யாராவது ஆட்சேபிப்பார்கள். அதற்கு முன்பே ஒரு பக்கத்தில் தேர்வுக் கொள்கையை எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆட்சேபம் வந்தால் வாய்மொழியாக ஏற்க வேண்டாம். எந்தப் பக்கம், என்ன காரணம், முழுப் புத்தகத்தையும் படித்தீர்களா என்ற மூன்று கேள்வியுடன் ஒரு படிவம் கொடுங்கள். நீங்கள், வேறு ஓர் ஆசிரியர், ஒரு பெற்றோர் ஆகிய மூவர் படித்து 15 நாளில் முடிவு சொல்லலாம். அதுவரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும். பதற்றத்தில் எடுத்து மறைத்தால் பிறகு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம் என்றாகிவிடும்.

நிலை காட்ட வண்ண ஸ்டிக்கர் ஒட்டுவது பெங்களூரு நூலகங்களில் பழக்கமானதுதான். ஸ்டிக்கர் புத்தகத்துக்கு மட்டும், பிள்ளைக்கு இல்லை. ‘நீ பச்சை, நீ நீலம்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், ஏழாம் வகுப்புப் பையன் நூலகப் பக்கமே வரமாட்டான். அடுக்கும்போது விஷயவாரியாக அடுக்குங்கள். பாம்பு பற்றிய எளிய புத்தகமும் கடினமான புத்தகமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், எதை எடுத்தாலும் அவன் பாம்புப் புத்தகம் எடுத்தவன்தான். சீர்காழியில் பிறந்து பெங்களூரில் மறைந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் சொன்ன விதிகளில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பவை. அடுக்கும்போது அந்த இரண்டையும் நினைவில் வையுங்கள்.

பணத்துக்கு வருவோம். 40,000இல் 30,000 ரூபாய்க்கு மட்டும் இப்போது வாங்குங்கள். நேஷனல் புக் டிரஸ்ட்டும், பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸும் ஒரே கதையைத் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று பல மொழிகளில் வெளியிடுகின்றன, விலையும் குறைவு. அப்படிச் சில தலைப்புகளை மூன்று மொழியிலும் வாங்கிச் சேர்த்து வையுங்கள். கன்னடத்தில் வேகமாகப் படிக்கும் பிள்ளை கதையைத் தெரிந்துகொண்டு தமிழில் துணிந்து இறங்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசம், அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. வாங்கும் முன் அங்கே படித்துக் காட்டி எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில். யாராவது போகிறார்கள் என்றால் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள், பத்து சதவீதம் தள்ளுபடி கிடைக்கும்.

மீதி 10,000 ரூபாயை நான்கு மாதம் தொடாதீர்கள். பிறகு பதிவேட்டைப் பார்ப்பதோடு அலமாரியையும் பாருங்கள். பள்ளிக்குள்ளேயே நின்று படித்துவிட்டு வைப்பவை பதிவேட்டில் ஏறுவதில்லை. மூலை மடங்கி, அட்டை அழுக்கேறி, நடுப்பக்கம் பிரிந்து தொங்கும் புத்தகங்கள் எவை என்று குறித்துக்கொண்டு, அவற்றில் ஒவ்வொன்றுக்கும் இன்னும் இரண்டு பிரதி வாங்குங்கள். மிச்சமிருந்தால் அதே எழுத்தாளரின் வேறு புத்தகங்கள்.