கும்பலில் சுற்றும் பையன் "செத்துட்டா நிம்மதி" என்று சொன்னால், அது வெறும் மிரட்டலா?

அக்கா, உங்கள் தம்பி மகனுக்குப் பதினாறு வயது, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குண்டர் கும்பலோடு சுற்றுகிறான், சண்டை வந்தால் "நான் செத்துட்டா உங்களுக்கு நிம்மதி" என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். "சும்மா பயமுறுத்துறான், கண்டுக்காதே" என்கிறார்களாம் வீட்டில். மலேசியாவில், கிள்ளான் பக்கம் இப்படிப்பட்ட பையன்களுக்கு இரவு வகுப்பு எடுத்தவன் நான். கண்டுகொள்ளுங்கள்.

அடுத்தவனை வெட்டத் துணிந்தவன் தன்னை மாய்த்துக்கொள்வானா என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனில் 18 முதல் 34 வயது வரையுள்ள 4,664 ஆண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. கும்பலில் இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தற்கொலைக்கு முயன்றவர். பாதிக்கு மேற்பட்டோருக்குப் பதற்றக் கோளாறு. அவர்கள் வயதில் மூத்தவர்கள், நாடும் வேறுதான். ஆனால் ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியாமல் கிடப்பது எந்த ஊரிலும் ஒன்றுதானே.

அதே 2013இல் நம் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்களில் பெரும்பான்மை இந்தியர்கள். நம் ஆட்கள் மானம் போச்சே என்று புலம்பினார்கள். அந்தப் பையன்களுக்கு என்ன ஆகிறது என்று கேட்டவர்கள் குறைவு. ரப்பர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலுக்குப் பிறகு, அங்கே பால் எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் புறம்போக்கு வீட்டுக்கும், பிறகு மலிவு விலை அடுக்குமாடிக்கும் வந்து சேர்ந்தன. இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியில் திணறி, மதிப்பெண் குறைந்தவர்களுக்கான கடைசி வகுப்பில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளையிடம் "நீ நம்ம ஆளுடா" என்று முதலில் சொன்னது கும்பல் அண்ணன்தான்.

அதனால்தான் "கும்பலை விட்டுட்டு வீட்டுக்குள்ள வா" என்று நிபந்தனை போடாதீர்கள். இருக்கிற ஒரே பிடிமானத்தையும் விடச் சொல்கிறீர்கள், பதிலுக்கு வாசல் கதவையும் சாத்துகிறீர்கள்.

அவன் கத்தும்போது இருப்பதைவிட, அடங்கிப்போகும்போது எனக்குப் பயம் அதிகம். போலீஸ் லாக்கப்பிலிருந்து வந்த பிறகு, கும்பல் ஒதுக்கிவைத்த பிறகு, கூட்டாளி செத்த பிறகு. கூட்டாளியின் சாவு ஊர்வலத்தில் மோட்டார்களும் ஆரவாரமுமாக இருக்கும். அழ மட்டும் இடமிருக்காது.

தனியாக இருக்கும்போது நேரடியாகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாடா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. முகத்துக்கு முகம் உட்கார வைத்து விசாரித்தால் வாயே திறக்க மாட்டான். காரில் போகும்போது கேட்டுப்பாருங்கள். ஆமாம் என்றால் அறிவுரை வேண்டாம். தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரை, பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள். அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பல குடும்பங்கள் மறைத்தன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

மனம் விட்டுப் பேச உதவி எண்கள்: பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555. அவன் பேச மறுத்தால் நீங்களே அழைத்து, அவனிடம் எப்படிப் பேசுவது என்று கேட்கலாம்.