கம்யூனிட்டி காலேஜில் கணினித் தடயவியல்: என்ன சொல்லித்தருவார்கள்?

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) இரண்டு வருடம் கணினித் தடயவியல், அதாவது கணினியிலும் டிஸ்க்கிலும் வழக்குக்கான ஆதாரம் தேடும் வேலை, படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹேக்கிங் கற்கலாம் என்று நினைத்துச் சேர்ந்தால் ஏமாற்றம்தான். பொறுமையும் எழுத்து வேலையும்தான் பாதிப் படிப்பு. கைப்பற்றிய ஹார்டு டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் சும்மா செருகினாலே அதில் சில தகவல்கள் மாறிவிடலாம். அதனால் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் என்ற கருவி வழியாக இணைத்து, பிட் பிட்டாக நகலெடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் ஹாஷ் மதிப்பு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) ஒன்றுதானா என்று சரிபார்ப்பார்கள். ஆய்வெல்லாம் நகலில்தான். அப்புறம் அந்த டிஸ்க் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்ற பதிவு. இதில் ஓட்டை விழுந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார்.

அழித்த கோப்பும் பேசும். 2005இல் கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் பிடிகே என்று அழைக்கப்பட்ட தொடர் கொலையாளி சிக்கியது அப்படித்தான். அவன் அனுப்பிய பிளாப்பியில் (பழைய காலக் கணினி வட்டு), அழிக்கப்பட்ட வேர்டு கோப்பு ஒன்றில் 'டென்னிஸ்' என்ற பெயரும் ஒரு தேவாலயத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தன. பல ஆண்டுத் தேடலுக்கு ஒரு பிளாப்பி!

வேலை? இந்தத் துறையில் பல இடங்களில் நான்கு வருடப் பட்டம் கேட்பார்கள். கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டு வருட அசோசியேட் பட்டத்தில், அப்ளைடு சயின்ஸ் என்று முடியும் வகை நேரடி வேலைக்கானது. பின்னால் நான்கு வருடப் பட்டத்துக்குப் போனால், அதன் கிரெடிட் (முடித்த பாடங்களுக்கான கணக்கு) எல்லாவற்றையும் பல்கலைக்கழகம் ஏற்காமல் போகலாம். சேரும் முன்பே அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆட்டாப்சி என்ற கணினித் தடயவியல் மென்பொருள் இலவசம். பழைய பென்டிரைவ் ஒன்றை அதில் போட்டுப் பாருங்கள், இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும்.