குளோரைடு எந்தப் பக்கம் ஓடும்?

அன்புள்ள ஐயா,

காபா என்ற நரம்புச் சமிக்ஞைப் பொருள் வந்து ஒட்டியதும் அதன் ஏற்பி திறக்கும், குளோரைடு உள்ளே புகும், நரம்புச் செல் அடங்கும் என்று பாடநூலில் படித்தேன். வளரும் மூளையில் அதே காபா செல்லைத் தூண்டும் என்று வேறோரிடத்தில் இருக்கிறது. அங்கே ஏற்பி தலைகீழாக வேலை செய்கிறதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இல்லை. ஏற்பி இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி நடுவே துளை விட்டு நிற்பதுதான் காபா-ஏ ஏற்பி. அது கதவு மட்டுமே. குளோரைடு நுழைவதா வெளியேறுவதா என்பதைச் சவ்வின் இருபுறச் செறிவும் மின்னழுத்தமும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

செறிவைக் காப்பவை வேறு புரதங்கள். முதிர்ந்த செல்லில் கே.சி.சி.2 குளோரைடை ஓயாமல் வெளியேற்றுகிறது. உள்ளே லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிமோல் அளவே மிஞ்சும், வெளியே நூற்றுக்கும் மேல். இளம் செல்லில் கே.சி.சி.2 குறைவு, என்.கே.சி.சி.1 குளோரைடை உள்ளே சேர்க்கிறது. அங்கே துளை திறந்தால் குளோரைடோடு அதன் எதிர்மின்னூட்டமும் வெளியேறி, செல் தூண்டலை நோக்கி நகர்கிறது.

1955இல் கூம்ப்ஸ், எக்கிள்ஸ், ஃபாட் மூவரும் பூனையின் தண்டுவட நரம்புச் செல்லுக்குள் குளோரைடைச் செலுத்தினார்கள். அடக்கும் சமிக்ஞையின் திசையே புரண்டது. எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. ஏற்பியைத் தொடவே இல்லை. உள்ளிருக்கும் உப்பை மாற்றியதே போதுமானதாக இருந்தது.

பாடநூல்கள் அவசரமாகக் கடந்துபோகும் இன்னொன்றும் உண்டு. குளோரைடு இரு திசையிலும் சமமாக ஓடி, நிகர ஓட்டமே இல்லாத நிலையிலும் அடக்கம் நடக்கும். துளைகள் திறந்திருப்பதால் சவ்வின் மின்தடை குறைகிறது. தூண்டும் மின்னோட்டம் வந்தாலும் அது கசிந்துபோய், மின்னழுத்தம் போதிய அளவு உயர்வதில்லை. ஆகவே இளம் செல்லிலும் காபா எப்போதும் தூண்டும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கிளைசின் என்ற இன்னொரு அடக்கும் சமிக்ஞைப் பொருளின் ஏற்பிக்கும் இதே கணக்குதான். காபாவின் மற்றோர் ஏற்பியான காபா-பி மட்டும் வேறு: அது குளோரைடுத் துளையே அல்ல.

நரம்பு காயமுற்ற எலிகளின் தண்டுவடத்தில் கே.சி.சி.2 குறைவதும், அதனால் காபாவின் அடக்கும் வலு குன்றி வலி நீடிப்பதும் ஆய்வுகளில் தெரிந்தன. ஏற்பியை மேலும் திறக்கும் மருந்தை மட்டும் நம்பாமல், குளோரைடை வெளியேற்றும் திறனை மீட்க முயல்வதே அங்கே சரியான வழி என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.